நுரையீரல் புற்றுநோய்: கோளாறு பரம்பரையிலா, கட்டியிலா?

“சுருட்டையே தொடாத மனுசிக்கு நெஞ்சில் புற்றுநோயாம்!” யாழ்ப்பாணத்தில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுத்ததாக ஒரு முணுமுணுப்பும் வரும்: “அப்ப பரம்பரை வியாதிதான்.” பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று நோயையே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த முணுமுணுப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

கே-ராஸ் என்ற மரபணு எல்லோருடைய உடலிலும் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம், கலத்தினுள்ளே ஒரு சுவிச் போல வேலை செய்கிறது. வளரச் சொல்லும் தகவல் வெளியிலிருந்து வந்தால் எரியும்; வேலை முடிந்ததும் அணையும். புகையிலைப் புகையிலுள்ள இரசாயனங்கள் அந்த மரபணுவில் ஒரேயொரு எழுத்தை மாற்றிவிடக்கூடும். புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசீன் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்டீன் வந்துவிடும். அதன்பின் சுவிச் இலகுவில் அணையாது. யாரும் சொல்லாமலே கலம் பிரிந்து பிரிந்து கட்டியாகிறது. சுருட்டும் புகையிலையும் சோறு போட்ட மண் எங்களது. இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

புகைக்காதவர்களின் கட்டிகளில் அதிகம் காணப்படுவது வேறொன்று: ஈ.ஜி.எஃப்.ஆர். கலத்தின் மேற்பரப்பில் நின்று அந்த வளர்ச்சித் தகவலை வாங்கும் புரதம் இது. இதன் மரபணு விகாரமடைந்தால், தகவல் வராமலே வந்ததாகக் காட்டிக்கொள்ளும். பெண்களிலும் ஆசிய நாட்டவரிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்த இரண்டு விகாரங்களும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல. வாழ்நாளில், நுரையீரலின் ஏதோ ஒரு கலத்தில் நேர்ந்தவை. கட்டியிலுள்ள அந்த விகாரம் பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை.

மறைப்பதால் சிகிச்சையும் பிந்துகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர் விகாரம் உள்ள கட்டிகளுக்கு ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்வதன் காரணம் 2004இல் தெரியவந்தது. கே-ராஸ் புரதத்திலோ மருந்து பற்றிக்கொள்ள வசதியான பள்ளமே இல்லையென்று பல ஆண்டுகள் கைவிட்டிருந்தார்கள். மேலே சொன்ன சிஸ்டீன் மாற்றத்துக்கு மட்டும் சொட்டோராசிப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை நோயை அடியோடு அழிப்பதில்லை. கட்டியைச் சுருக்கிக் காலத்தை நீட்டுகின்றன. நாளடைவில் கட்டி மருந்துக்குப் பழகிவிடுவதும் உண்டு.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட உதவியது. அங்கோ வேறெங்கோ கட்டியில் சதைத்துண்டு எடுத்தால், “மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பலாமா, டொக்டர்?” என்று கேளுங்கள். புகைத்தவருக்காகவும் கேளுங்கள்.