எண்ணும் எழுத்தும் பிரிந்த தாள்கள்: கர்நாடகத் தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்ட பள்ளிக் கணக்கெடுப்புக்கு, இன்று கர்நாடகத்தில் உள்ள பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823இல் அறிக்கை அனுப்பினார். மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார்கள். கூட்டமாக வாய்ப்பாடு சொன்னார்கள். ஆசிரியர் பல இடங்களிலிருந்து திரட்டி வைத்த கடிதங்களைப் படித்தார்கள். ஒப்பந்தப் பத்திரம் எழுதவும் கற்றார்கள். தொகையும் தவணையும் வாக்கியத்துக்குள்ளேயே வரும் பத்திரத்தைப் படிக்க எண்ணறிவும் மொழியறிவும் சேர்ந்தே வேண்டும். மனப்பாடம் செய்த செய்யுளின் பொருள் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று கேம்ப்பெல் குறைபட்டதும் நியாயமே. அந்தப் பள்ளியைப் பொற்காலமாக்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல.

பின்னர் வந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் பாடத்துக்கொரு கற்பித்தல் முறை, அதற்கொரு தேர்வு என்றாயிற்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடும் ஜாகிர் உசேன் குழுவும் வகுத்த ஆதாரக் கல்வி, பிரிந்தவற்றைக் கைத்தொழில் வழியே சேர்க்க முயன்றது. எடுத்துக்காட்டாக, நூல் நூற்பதில் நான்கடிச் சுற்று 640 சேர்ந்தால் ஒரு சிட்டம். தக்ளி என்ற கைக்கதிரில் நூற்ற பிள்ளை 2,560 அடியைத் தானே கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதலாம். பருத்தியைப் பற்றி வாசிக்கலாம். இப்படி இணைத்துக் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர்கள் போதிய அளவில் உருவாகாததே அத்திட்டத்தைத் தளர்த்தியது என்பது என் கணிப்பு.

அடுத்த பெரிய மாற்றம் பணியில் இருந்த ஆசிரியர்களிடமிருந்து வந்தது. மைசூரு மாவட்டத்தின் எச்.டி. கோட்டை வட்டத்தில் 1995இல், ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பின்பற்றி, நலி-கலி என்ற மகிழ்ந்து கற்கும் முறை தொடங்கியது. 2009-10இல் மாநிலத்தின் அரசு கன்னடப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. வகுப்பறை மாறிய வேகத்தில் பயிற்சி நிறுவனங்கள் மாறவில்லை. 2014ஆம் ஆண்டின் தேசிய விதிமுறைகளையொட்டி எல்லாப் பாடங்களிலும் மொழியின் இடத்தை ஆராயும் தாள் பி.எட். படிப்புக்கு வந்தது. ஆனால் தொடக்கக் கல்விப் பட்டயத்தில் மொழி கற்பித்தலும் கணிதம் கற்பித்தலும் தனித்தனித் தாள்களாகவே நிற்கின்றன.

இதன் விளைவை ஒரு வார்த்தைக் கணக்கில் பார்க்கலாம். ‘கமலாவிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி 17 என்று எழுதும் பிள்ளைக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். ‘இது’ எதைச் சுட்டுகிறது என்பதைத்தான் தவறவிட்டது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆன் நியூமன் 1977இல் இத்தகைய பிழைகளை வாசித்தல், பொருளறிதல், கணக்காக மாற்றுதல், செய்தல், விடையெழுதுதல் என்று ஐந்து படிகளில் பகுத்தார். முதல் இரண்டும் முழுக்க மொழி சார்ந்தவை. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசிவிட்டுக் கன்னடப் பாடநூலைத் திறக்கும் பெங்களூருப் பிள்ளைக்கு அந்த இரண்டும் இன்னும் கடினம்.

2021 ஜூலையில் தொடங்கிய ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிப்பும் எண்ணறிவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைவர வேண்டும் என்று 2026-27ஐக் கெடுவாக வைத்தது. பிள்ளைக்கு இரண்டையும் ஒரே இலக்காக வைத்துவிட்டு, ஆசிரியரை மட்டும் இரு கூறாகப் பயிற்றுவிப்பது பொருந்தாது. பெங்களூருவில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சித் துறை இதற்கு ஒரு பொதுவான செய்முறைத் தாளை வகுக்கலாம். பயிற்சி மாணவர் ஒரு பிள்ளையைக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லி, தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லி, பிறகே விடை கேட்க வேண்டும். எந்தப் படியில் பிள்ளை நின்றது என்ற குறிப்பை மொழிப் பயிற்றுநரும் கணிதப் பயிற்றுநரும் சேர்ந்து படித்து மதிப்பெண் இட வேண்டும்.