பள்ளிக்கூட ஆபீஸ் ரூம் - ஒரு அகழ்வாராய்ச்சி

அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச யாரையாவது கூப்பிட்டு, உங்க ஆபீஸ் ரூம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. செங்கோட்டைக்காரரும் சிதம்பரத்துக்காரரும் ஒரே மாதிரிதான் சொல்வாங்க. ஒரு மேசை. ரெண்டு இரும்பு பீரோ, அதுல ஒண்ணு திறக்காது. பீரோ மேல அச்சு கழண்ட உலக உருண்டை. சுவத்துல காந்தி, நேரு, காமராஜர். பக்கத்துல மொத்த மாணவர் எத்தனை, இன்னிக்கு வருகை எத்தனைன்னு எழுதற கரும்பலகை. மூலைல சாக்கு மூட்டை, உடைஞ்ச பெஞ்சு, சுருட்டி வெச்ச இந்தியா மேப். எல்லாத்துக்கும் மேல ஒரு வாசனை. பழைய காகிதம், சாக்பீஸ் தூள், எலிப்புழுக்கை மூணும் கலந்து அடிக்குமே, அதேதான். (கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சா? நல்லது, அப்படியே வாங்க.)

இப்ப ஏன் இந்தப் பேச்சுன்னா, நம்ம ஊர்ப்பக்கம் ஒரு வேலை ஓடிட்டிருக்கு. கீரப்பாளையம் தெரியும்தானே? சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவுல, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். அந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தோட பழைய மாணவர்கள் சேர்ந்து, ஆபீஸ் ரூமைப் புதுசு பண்ணிக் குடுக்கலாம்னு கிளம்பியிருக்கோம். பெயின்ட், ரெண்டு ஃபேன், புது அலமாரி, வர்றவங்க உட்கார நாலு நாற்காலி. பணம்கூட ஓரளவு சேர்ந்துடுச்சு. வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் போட்ட வரிதான் என்னை இவ்வளவு எழுத வெச்சது: "மொதல்ல அந்தப் பழைய நோட்டு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுங்கப்பா, பாதி ரூம் காலியாயிடும்." அதுக்குப் பன்னெண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தாங்க.

அவர் சொன்னது அநியாயம்னு சொல்ல வரலை. அந்த ரூமைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அது எப்படி அடைஞ்சுதுன்னு தோண்டிப் பார்த்தா, கீழடி மாதிரி அடுக்கு அடுக்கா சரித்திரம் வருது சாமி.

முதல் அடுக்கு: ஆபீஸே கிடையாது

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ஆபீஸ் ரூம் எதுக்கு? வாத்தியார் வீட்டுத் திண்ணை, மணல், ஓலைச்சுவடி, அவ்வளவுதான். சம்பளம் நெல்லாவும் காசாவும் பெத்தவங்க கையிலிருந்து நேரா வரும். யார் வந்தான், யார் வரலைன்னு வாத்தியாருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். பதிவேடுன்னு ஒண்ணு தேவைப்படவே இல்லை.

பதிவேடு வந்தது நம்ம எழும்பூர் வழியா. 1789ல அங்க இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பா வந்தவர் ஆண்ட்ரூ பெல். நம்ம பசங்க மணல்ல விரலால எழுதறதைப் பார்த்துட்டு, அதையே தன் பள்ளிக்கூடத்துல புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கற சட்டாம்பிள்ளை முறையும் சேர்ந்து, 'மெட்ராஸ் முறை'ன்னு பேர் வாங்கி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுச்சு. பெல் சேர்த்த இன்னொரு சங்கதியை நாம அவ்வளவா பேசறதில்லை. ஒவ்வொருத்தனும் இன்னிக்கு என்ன படிச்சான்னு தினமும் எழுதற ஏடு, சேட்டை பண்ணவன் பேரை எழுதற கறுப்பு ஏடு ரெண்டும் அவர் வெச்சிருந்தார். கிளாஸ் லீடர் போர்டுல பேர் எழுதிக் குடுக்கற துரோகத்துக்கு இருநூறு வருஷப் பாரம்பரியம் இருக்கு மக்களே :-)

அடுத்தது தாமஸ் மன்ரோ. 1822ல ஒவ்வொரு கலெக்டரும் தன் ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எந்தெந்த சாதிப் பிள்ளைங்க எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு கட்டம் போட்டு எழுதி அனுப்பணும்னு உத்தரவு போட்டார். 1826ல கூட்டிப் பார்த்தா மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அப்ப தென்னாற்காடு ஜில்லாவுல இருந்த நம்ம பகுதியும் இந்தக் கணக்குக்குள்ள வரும். 'படிவத்தைப் பூர்த்தி செஞ்சு மேலிடத்துக்கு அனுப்பு' அப்படிங்கற பழக்கத்துக்கு அங்கதான் பிள்ளையார் சுழி.

ரெண்டாவது அடுக்கு: பதிவேடுன்னா காசு

1854ல சார்லஸ் வுட் அறிக்கை வருது. அடுத்த வருஷமே மெட்ராஸ்ல கல்வித்துறைக்குன்னு ஒரு இயக்குநர், அவருக்குக் கீழ இன்ஸ்பெக்டர்கள். பள்ளிக்கூடம் நடத்தறவங்களுக்கு அரசாங்கம் மானியம் குடுக்க ஆரம்பிக்குது. 1860கள்ல 'தேர்ச்சிக்கேத்த மானியம்'னு ஒரு ஏற்பாடும் வருது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார், எத்தனை பேர் தேறினாங்களோ அதுக்குத் தகுந்த பணம்.

இங்கதான் கதை மாறுது. பேரேட்டுல இருக்கற பேருக்குத்தான் மானியம், வருகைப் பதிவேட்டுல கோடு விழுந்த பையனைத்தான் பரீட்சைக்கு நிறுத்த முடியும்னு ஆனதும், நோட்டு பணமாயிடுச்சு. பணம் ஆனதைப் பூட்டி வைக்கணும். பூட்ட ஒரு பெட்டி, பெட்டியை வைக்க ஒரு ரூம். ஆபீஸ் ரூம் பிறந்தது பெத்தவங்களை வரவேற்க இல்லைங்க, இன்ஸ்பெக்டருக்குக் கணக்குக் காட்ட. இன்னிக்கு வரைக்கும் அந்த ரூமோட முகம் மேலதிகாரியைப் பார்த்தே இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

அதே 1864ல ஆறுமுக நாவலர் சிதம்பரத்துல சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைல 1848லயே ஒண்ணு தொடங்கினவர். மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு எதிரா நின்னாலும், வகுப்பு பிரிக்கறது, பாடப்புத்தகம் அச்சடிக்கறதுன்னு நடத்தின விதம் புதுசுதான்.

ஆனா இந்தப் பேரேடுகள்ல ஒரு கூட்டத்தோட பேர் மட்டும் ஏறவே இல்லை. ஏற விடலைங்கறதுதான் சரி. 1916ல சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துல நந்தனார் பேர்ல பள்ளி தொடங்கறார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகவே தொடங்கின இடம். சேர்க்கைப் பதிவேட்டுல என்னென்ன கட்டம் இருக்கும்னு யோசிங்க: பையன் பேர், தகப்பனார் பேர், ஊர், சாதி, தொழில், பிறந்த தேதி. நிலப் பட்டா கிடையாது, கையெழுத்துப் போடத் தெரியாது, எந்த ஆவணத்துலயும் பேர் கிடையாதுன்னு இருந்த ஒரு குடும்பத்துக்கு, தன் பேர் மையால எழுதப்பட்ட முதல் தாள் அப்படி ஒரு பள்ளிக்கூட நோட்டாத்தான் இருந்திருக்கும். எடைக்குப் போட்டா கிலோவுக்குப் பத்துப் பதினஞ்சு ரூபா வரும்.

மூணாவது அடுக்கு: உபயம்

ஆபீஸைப் புதுசு பண்ற யோசனை நம்ம வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் முதல்ல வந்துச்சுன்னு நினைச்சா, நெ.து.சுந்தரவடிவேலு சிரிப்பார். காமராஜர் ஆட்சில கல்வி இயக்குநரா இருந்தவர். 1956ல மதிய உணவு, பொதுமக்கள் பங்களிப்போட. 1958ல இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரங்களைக் கூட்டி, இந்தப் பள்ளிக்கு என்ன குறைன்னு பட்டியல் வாசிப்பாங்க. ஒருத்தர் கடிகாரம் தர்றேன்பார், இன்னொருத்தர் பீரோ, இன்னொருத்தர் பெஞ்சு, வசதியானவர் ஒரு கட்டடமே. கையில காசில்லாதவர் வெள்ளையடிச்சுக் குடுப்பார்.

பெஞ்சு முதுகுலயும் சுவர்க் கடிகாரத்துலயும் 'உபயம்'னு பெயின்ட்ல எழுதியிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. ட்யூப்லைட்ல வெளிச்சத்தை விட உபயம் பெரிசா இருக்கும்னு கிண்டல் பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கேன். ஆனா தன் வயித்தைக் கட்டி ஒரு பீரோ வாங்கிக் குடுத்த மனுஷன் அவர். அந்த பீரோவுக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சா இன்னும் முப்பது வருஷம் வரும். தயவுசெஞ்சு அந்தப் பேர் மேல பெயின்ட் அடிச்சுடாதீங்க.

நாலாவது அடுக்கு: திட்டம், திட்டம், மேலும் திட்டம்

இதுக்கப்புறம்தான் ரூம் நிஜமாவே நிரம்ப ஆரம்பிச்சுது. 1982ல எம்.ஜி.ஆரோட சத்துணவு. அரிசி மூட்டைக்குத் தனி இடம் இல்லாத ஊர்ல அது எங்க போகும்? 1987ல கரும்பலகைத் திட்டம். உலக உருண்டை, மேப், கணக்குப் பெட்டி, அறிவியல் பெட்டின்னு டெல்லி உத்தரவுல வந்து இறங்குச்சு. உடைஞ்சா தலைமையாசிரியர் பதில் சொல்லணுமே, அதனால பெட்டி பல இடத்துல பூட்டினது பூட்டினபடியே இருந்துச்சு. பீரோ மேல இருக்கே உலக உருண்டை, அது ஏன் நம்ம கைக்கு வரவே இல்லைன்னு இப்ப புரியுதா? அவ்வ்வ்வ்...

2007-08ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தப்ப அட்டை அட்டையா வந்துச்சு. இலவசப் புத்தகம், சீருடை, செருப்பு, லேப்டாப்னு வந்ததெல்லாம் விநியோகம் ஆகற வரைக்கும் ஆபீஸ்லதான். நல்ல திட்டங்கள்தான், நானும் அதுல படிச்சவன்தான். ஆனா திட்டத்தோட அலமாரி வரலை, எழுத ஆள் வரலை. தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் பணியிடமே கிடையாது. பாடம் நடத்தற தலைமையாசிரியரேதான் கிளார்க்கும்.

சரி, உடைஞ்சதையாவது தூக்கிப் போடலாமேன்னு கேட்பீங்க. முடியாது. தளவாடப் பதிவேட்டுல ஏறின பொருளை, பட்டியல் போட்டு, மேலதிகாரி அனுமதி வாங்கி, ஏலம் விட்டுத்தான் கழிக்கணும். இந்த நடைமுறையை நினைச்சா ஒத்தைக்கால் பெஞ்சை மூலைல சாத்தி வைக்கறது சுலபம்.

அப்ப எதைக் காப்பாத்தணும்?

நம்ம பொட்டி தட்டற பாஷைல சொல்றேன். பேக்கப் எடுக்காத, ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கற டேட்டாபேஸ் ஒண்ணு அந்த ரூம்ல இருக்கு. பேர் 'சேர்க்கை நீக்கல் பதிவேடு'. இப்பப் படிக்கற பிள்ளைங்களுக்கு 'எமிஸ்' இணையதளத்துல ஆளுக்கொரு எண் இருக்கு. அதுக்கு முன்னாடி படிச்சவங்க எல்லாருக்கும் காகிதம்தான்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969ல. அதுக்கப்புறமும் கிராமத்துல பிறந்த நிறைய பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொட்டா அஞ்சு வயசு, உடனே ஜூன்ல சேர்க்கற மாதிரி ஒரு தேதியை வாத்தியாரே போட்டுடுவார். நம்ம அப்பா தலைமுறைல பல பேருக்குப் பிறந்தநாள் மேயிலயும் ஜூன்லயும் வர்றது இதனாலதான். அந்தத் தேதிதான் அப்புறம் வேலை, ஓய்வு, பென்ஷன் எல்லாம்.

இன்னிக்கும் அதே கதைதான். தமிழ்வழில படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 சதவீதம்னு 2010ல சட்டம் வந்துச்சு. 2020ல அதைத் திருத்தி, பள்ளிக்கூடத்துல இருந்தே தமிழ்வழில படிச்சிருக்கணும்னு ஆக்கினாங்க. அதனால டி.என்.பி.எஸ்.சி எழுதற ஒரு பொண்ணு, இருபது வருஷம் முன்னாடி ஒண்ணாம் வகுப்பு படிச்ச ஊர்ப் பள்ளிக்கு வந்து சான்றிதழ் கேட்டு நிக்குது. அந்த நோட்டு இருந்தா வேலை. கரையான் அரிச்சிருந்தா, இல்ல நம்ம ஆளுங்க 'சுத்தம்' பண்ணியிருந்தா, அது எங்க போய் முட்டிக்கும்? கடலூர் ஜில்லா வேற. 2011 டிசம்பர் 30ல தானே புயல், 2015ல வெள்ளம்னு பார்த்த மண்ணு. தரைல கிடக்கற காகிதத்துக்கு இங்க ஆயுசு கம்மி.

அதனால குழுவுல நான் போட்ட வேலை வரிசை இது. முதல்ல பதிவேடுகளைத் தலைமையாசிரியரை வெச்சுக்கிட்டு வருஷவாரியா அடுக்கணும். ஈரமானதை நிழல்ல, ஃபேன் காத்துல உலர்த்தணும். கிழிஞ்சதை செல்லோடேப் போட்டு ஒட்டக்கூடாது, அது நாளாக நாளாக மஞ்சளாகி எழுத்தையே தின்னுடும். துறை அனுமதியோட பக்கம் பக்கமா ஸ்கேன் எடுத்துப் பள்ளிக்கே குடுக்கணும். சாதியும் பிறந்த தேதியும் இருக்கற பக்கத்தை ஃபோன்ல எடுத்து 'மலரும் நினைவுகள்'னு குழுவுல போடற வேலையே கூடாது. அலமாரி தரைல இருந்து முழங்கால் உயரத்துல, சுவத்துல ஒட்டாம நிக்கணும். உடைஞ்ச சாமானுக்குப் பட்டியல் தயாரிக்க ரெண்டு பேர் உதவினா, கழிக்கற வேலையும் நகரும். பெயின்ட் கடைசி.

அப்புறம் அந்த நாலு நாற்காலி. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்துச்சு, பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்களா இருக்கணும்னு சொல்லுது. வயல் வேலைய விட்டுட்டு கையெழுத்துப் போட வர்ற அம்மா இன்னும் நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேதான் பேசறாங்க. இன்ஸ்பெக்டருக்காகப் பிறந்த ரூமை அவங்களுக்கானதா மாத்தணும்னா, மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியும், ஒரு பானைத் தண்ணியும், டி.சி. வாங்க என்னென்ன வேணும்னு தமிழ்ல எழுதின ஒரு பலகையும் போதும். நாற்காலிக்கு நான் பணம் குடுத்துட்டேன். பின்னாடி உபயம் எழுதக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்.

டிஸ்கி: பெயின்ட் கலர் என்னன்னு குழுவுல மூணு வாரமா சண்டை நடக்குது. சந்தன நிறமா, வெளிர் பச்சையாங்கறதுல நட்பே முறியற நிலைமை. உலக உருண்டையை மட்டும் இறக்கி, அச்சு மாட்டி, ரெண்டாங் கிளாஸ் பசங்க கையில குடுக்கணும்னு ஏகமனதா தீர்மானம் ஆயிடுச்சு. தளவாடப் பதிவேட்டுல குறிச்சுட்டுதான் :-)