தொலைக்கணினி நுழைவும் தனிச்சாவிக் காவலும்: புனேவின் பின்னணியில் ஒரு வரலாற்று ஆய்வு

லோஹேகாவ் என்றதும் புனேவாசிகளுக்கு விமான நிலையமும் விமானப்படைத் தளமும்தான் நினைவுக்கு வரும். இன்று அந்தப் பகுதி மென்பொருள் ஊழியர்களின் குடியிருப்பும்கூட. தெற்கே விமான் நகர், தென்கிழக்கே கராடியின் ஐடி பூங்காக்கள், மேற்கே அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பல நூறு ஏக்கர் நிலம் வைத்திருந்த திகி. இங்கே குடியிருப்பவர்களில் பலர் அன்றாடம் வேலை செய்யும் கணினியை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. மும்பையிலோ வர்ஜீனியாவிலோ ஏதோ ஒரு தரவு மையத்தில் ஓடும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறை வழியாக நுழைகிறார்கள். நுழைய வந்தவர் இன்னார்தான் என்று நிரூபிப்பது அவர்களுடைய மடிக்கணினியில் கிடக்கும் ஒரு சிறு கோப்பு. அதுதான் தனிச்சாவி.

அந்தக் கோப்பு எங்கே, எப்படி வைக்கப்பட்டது, அதற்கு யார் பொறுப்பு என்பதில் முப்பது ஆண்டுகளில் நடந்த மாற்றங்களை இக்கட்டுரை பின்தொடர்கிறது. கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான வழி விரைவிலேயே பாதுகாப்பாகிவிட்டது. சாவியைக் காக்கும் பொறுப்போ நெடுங்காலம் பயனரின் மனசாட்சியிடமே விடப்பட்டது. சாவி எப்படிக் காக்கப்படுகிறது என்பதை அறிய சர்வருக்கு வழியே இல்லாதிருந்ததே அதற்குக் காரணம். இந்தியாவில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. தனிச்சாவியைக் காப்பதைச் சட்டக் கடமையாக 2000-லேயே எழுதிவைத்த நாடு இது. ஆனால் அந்தக் கடமை சர்வர் லாகின் பக்கம் வரவேயில்லை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு முன்னால் தொலைநுழைவுக்கு இருந்தவை டெல்நெட், ஆர்லாகின் என்ற நிரல்கள்தான். டெல்நெட்டில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் வலையில் ஓடியது. ஆர்லாகின், 'இந்தக் கணினியிலிருந்து வருபவரை நம்பு' என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. 1988-இல் பரவிய மாரிஸ் புழு சுரண்டிய பலவீனங்களில் இந்த நம்பிக்கையும் ஒன்று. 1994 பிப்ரவரியில், வலையில் ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை அள்ளுகிறார்கள் என்று அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரித்தது. மறு ஆண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அதே நடந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து உல்யோனென் எஸ்எஸ்ஹெச் என்ற மாற்று நிரலை எழுதி 1995 ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். இணையச் சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண் உண்டு: எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டைக் கேட்டு, எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினார், மறுநாளே கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

அதே 1995-இல், ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னையில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. ஷெல் அக்கவுண்ட் வாங்கியவர்கள் மோடம் வழியாக விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியுலகத்தைப் பார்த்தார்கள். ஆக, இந்தியப் பொதுமக்களில் பலருக்கு இணையத்தின் முதல் அனுபவமே தொலைக்கணினி நுழைவுதான். புனேவில் இந்தப் பழக்கத்துக்கு வேறொரு வேரும் இருந்தது. 1988-இல் அங்கே தொடங்கப்பட்ட சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம், 1991-இல் பரம் 8000 என்ற மீக்கணினியை உருவாக்கியது. மீக்கணினியை யாரும் மேசையில் வைத்துக்கொள்வதில்லை. எங்கிருந்தோ நுழைந்துதான் வேலை வாங்க வேண்டும்.

உல்யோனெனின் நிரலுக்குப் பின்னால் இருந்தது 1970-களின் கணிதம். டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் பொதுச்சாவிக் கருத்தை வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஆர்எஸ்ஏ வந்தது. சாவி ஒரு ஜோடி: தனிச்சாவி பயனரிடமே இருக்கும், மறுபாதியான பொதுச்சாவியை சர்வரில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும். நுழையும்போது பயனரின் கணினி தனிச்சாவியைக் கொண்டு அந்த அமர்வுக்கென ஒரு கையொப்பம் இடும், சர்வர் பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கும். தனிச்சாவி வலையில் பயணிப்பதே இல்லை. ஒட்டுக்கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது.

கிடைக்க வேண்டுமானால் அவர் அந்தக் கோப்பையே எடுக்க வேண்டும். இதையும் உல்யோனென் எதிர்பார்த்திருந்தார். தனிச்சாவியை ஒரு கடவுத்தொடரால் பூட்டி வைக்கும் வசதியும், அதை ஒருமுறை திறந்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஏஜெண்ட் நிரலும் முதல் தலைமுறையிலேயே உண்டு. ஆனால் சாவியை உருவாக்கும் கட்டளை கடவுத்தொடரைக் கேட்கும்போதே, வேண்டாமென்றால் வெறுமையாக விடலாம் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறது. இருமுறை என்டர் தட்டினால் பூட்டில்லாத சாவி தயார். உலகத்துத் தனிச்சாவிகளில் எத்தனை இந்த இரண்டு என்டர்களில் பிறந்தவையோ! சர்வர் பார்ப்பது பொதுச்சாவியை மட்டும். மறுபாதிக்குப் பூட்டு இருக்கிறதா இல்லையா என்று அது கேட்கவும் முடியாது.

பூட்டியவர்களுக்கும் நல்ல பூட்டு கிடைத்துவிடவில்லை. ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999 டிசம்பரில் வெளியிட்ட, எஸ்எஸ்ஹெச்சின் கட்டற்ற வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் உலகமெங்கும் பரவியது. ஆனால் அதன் பழைய கோப்பு வடிவம், கடவுத்தொடரை எம்டி5 என்ற வேகமான கணக்கீட்டின் வழியாக ஒரே சுற்றில் சாவியாக மாற்றியது. கோப்பு களவுபோனால், கடவுத்தொடரை ஊகித்துப் பார்ப்பது மலிவான வேலை. ஊகத்தை வேண்டுமென்றே மெதுவாக்கும் பிக்ரிப்ட் முறை 2014-இல் 6.5 பதிப்பில் வந்தது, 2018-இல் 7.8 பதிப்பில்தான் அது எல்லா வகைச் சாவிக்கும் இயல்பு வடிவமானது.

இதற்கிடையே, கோப்பைத் திருடாமலேயே சாவியைக் கைப்பற்ற முடிந்த ஒரு காலமும் வந்தது. டெபியன் லினக்ஸில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், பிழை சோதிக்கும் கருவி ஒன்று குறை சொன்னதென்று 2006-இல் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் எண்களின் தற்செயல்தன்மைக்கு ஆதாரமாக இருந்தது. அது போனபின் எஞ்சியது அந்த நிரலின் செயல் எண் மட்டும். அதன் உச்சவரம்பு 32,768. அதாவது ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் உருவாகும் எந்தச் சாவியும் அந்த 32,768-இல் ஒன்றாகவே இருக்கும். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்த இந்தப் பிழை 2008 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவும் இதில் அடக்கம்.

இந்தப் பிழையின் வீச்சு டெபியன் கணினிகளோடு நிற்கவில்லை. சர்வர் வேறு இயங்குதளத்தில் இருக்கலாம், அதன் நிர்வாகி எந்தத் தவறும் செய்யாதிருக்கலாம். எப்போதோ ஒரு பயனர் தன் உபுண்டு மடிக்கணினியில் உருவாக்கிய பொதுச்சாவி அங்கே ஒரு வரியாக இருந்தாலே போதும், கதவு திறந்துதான் கிடந்தது. எந்தச் சாவிக்கு உரியவர் யார், அது எந்தக் கணினியில் பிறந்தது என்று சர்வர் நிர்வாகிகள் முதன்முறையாகத் தேட வேண்டியிருந்தது. பலவீனமான சாவிகளின் கறுப்புப் பட்டியலோடு தேடும் கருவியையும் டெபியன் கொடுத்தது. பட்டியலில் சிக்கியவை நீக்கப்பட்டன. மற்ற சாவிகளின் கணக்கை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அதே ஆண்டுகளில் தனிச்சாவி வேறொரு மேசைக்கு வந்திருந்தது. 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனிச்சாவியை வரையறுத்தது. அதன் 42-ஆம் பிரிவு, டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் பெற்றவர் தன் தனிச்சாவியைத் தக்க கவனத்துடன் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது பறிபோனால் சான்றளிக்கும் அமைப்புக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. சான்றிதழ்ச் சாவியை யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே உருவாக்கும் முறையும் வந்தது. அங்கிருந்து அதைப் பிரதி எடுக்க முடியாது. 2006-இல் எம்சிஏ21 என்ற அரசுத் திட்டம் தொடங்கி, நிறுவனங்களின் படிவங்கள் மின்வழிக்கு மாறியதும், அவற்றில் கையொப்பமிடும் இயக்குநர்களுக்கு டோக்கன் தேவைப்பட்டது.

அந்த டோக்கன்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க ஆடிட்டர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட கொத்து, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரில் இயக்குநர் பெயர், சிலவற்றில் பின் நம்பரும். சட்டம் சொன்ன 'தன் கட்டுப்பாடு' நடைமுறையில் ஆடிட்டரின் உதவியாளர் கட்டுப்பாடு. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: டோக்கனைக் கொடுத்தவருக்கு, அது யாரிடம் இருக்கிறது என்று தெரியும். இழுப்பறையில் இருக்கும்போது அது வேறெங்கும் இல்லை.

கோப்பாக இருக்கும் சாவிக்கு இந்தக் குறைந்தபட்ச உறுதிகூடக் கிடையாது. சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் இசி2 சேவை 2006-இல் தொடங்கி, 2016-இல் மும்பையிலும் அதன் தரவு மையங்கள் வந்தபின், தனிச்சாவி அடங்கிய 'பெம் ஃபைல்' இந்திய மென்பொருள் அலுவலகங்களில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. புது சர்வர் தொடங்கும்போது அது ஒரே ஒருமுறை தரவிறக்கக் கிடைக்கும். அதில் கடவுத்தொடர் இருக்காது. முதலில் தரவிறக்கியவரிடம் 'பெம் ஃபைல் கொஞ்சம் அனுப்புங்க' என்று அடுத்தவர் கேட்பார். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அது போகும். பெற்றவர் நுழைய முயன்றதும், கோப்பை மற்றவர்களும் படிக்க முடிகிறது என்று எச்சரித்து எஸ்எஸ்ஹெச் மறுத்துவிடும். அவர் கோப்பின் அனுமதியை 400 ஆக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். அதே கோப்பு வாட்ஸ்அப் குழுவில் இருப்பது எஸ்எஸ்ஹெச்சுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட சாவிகள் களவுபோனால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பிய ஆய்வுலகம் 2020 மே மாதத்தில் கண்டது. எடின்பரோவின் ஆர்ச்சர் மீக்கணினி மே 11 அன்று மூடப்பட்டது. கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், யூலிஷ் என ஜெர்மனியின் பல மையங்களும் சில நாட்களில் அடுத்தடுத்து மூடின. ஒரு தாக்குதலில் கணினிகள் மொனேரோ என்ற மின்நாணயத்தைத் தோண்டப் பயன்பட்டன. தாக்கியவர்கள் கணிதத்தை உடைக்கவில்லை. ஆய்வாளர்களின் எஸ்எஸ்ஹெச் சான்றுகளைத் திருடி முறையான பயனராகவே நுழைந்தார்கள். ஓர் ஆய்வாளருக்கு நான்கு மையங்களில் கணக்கு இருந்தால் ஒரு சாவி நான்கையும் திறந்தது. புனேவில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் பிரத்யூஷ், ஐசர் வளாகத்தில் 2019-இல் வந்த பரம் பிரம்மா போன்றவற்றின் பயனர்களும் இதே வகை ஆய்வாளர்கள்தான். ஆர்ச்சர் மீண்டும் திறந்தபோது, கடவுத்தொடர் போட்ட புதுச் சாவியும் கடவுச்சொல்லும் இரண்டுமே வேண்டும் என்றது. கடவுத்தொடர் போட்டார்களா என்பதை மட்டும் அதனாலும் சரிபார்க்க முடியாது.

அந்த முட்டுச்சந்திலிருந்து வழி பிறந்ததும் அதே ஆண்டில்தான். 2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2, வன்பொருள் டோக்கனின் துணையின்றிப் பயன்படாத சாவி வகைகளைச் சேர்த்தது. மடிக்கணினியில் உள்ள கோப்பை மட்டும் திருடிப் பயனில்லை. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு நுழைவுக்கும் டோக்கனை விரலால் தொட வேண்டும். சாவியின் வகைப்பெயரே வேறு என்பதால், அவ்வகையை மட்டுமே ஏற்பேன் என்று சர்வர் இப்போது நிபந்தனை போடலாம். பதிவு செய்யும்போது டோக்கன் தயாரிப்பாளரின் சான்றையும் பார்க்கலாம். ஆடிட்டர் இழுப்பறைக்கு இந்த ஏற்பாடு வந்து பல ஆண்டுகள் கழித்தே சர்வர் நிர்வாகிக்கு வந்தது. இன்னொரு வழி 2010-இல் 5.4 பதிப்பிலேயே வந்துவிட்டது: சில மணிநேரமே செல்லுபடியாகும் சான்றிதழ். அதற்கு நிறுவனத்துக்குள் ஒரு சான்றளிக்கும் அமைப்பு நடத்த வேண்டும் என்பதால் சிறு நிறுவனங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

பழைய சாவிகளின் கணக்கு இன்னும் பாக்கி. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் எஸ்எஸ்ஹெச் சாவி மேலாண்மைக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, அதன் ஆசிரியர்களில் ஒருவர் உல்யோனென். எந்த சர்வரில் எந்தச் சாவி இருக்கிறது, யாருடையது, எதற்கு என்று முதலில் பட்டியலிடச் சொல்கிறது அந்த ஆவணம். ஊழியர் வேலையை விட்டால் மடிக்கணினி திரும்பும், அடையாள அட்டை திரும்பும், மின்னஞ்சல் முடக்கப்படும். சர்வரில் அவர் பெயரில் இருக்கும் அந்த ஒரு வரி அப்படியே கிடக்கும்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவு, கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஒவ்வொரு நுழைவின்போதும் எந்தச் சாவி பயன்பட்டது என்பதை, 'கைரேகை' எனப்படும் அதன் சுருக்க அடையாளத்தோடு எஸ்எஸ்ஹெச் பதிவேடு குறித்து வைக்கிறது. ஒரே பெம் ஃபைலை ஐந்து பேர் வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டின் 180 நாட்களிலும் ஒரே கைரேகைதான் இருக்கும்.