மாட்டு வண்டியிலிருந்து எம்.பி.வி. வரை: பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் சடக்குகளில் குடும்ப வண்டியின் கதை

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் நான் கொடுத்த ஒரு சின்ன வேலையிலிருந்து பிறந்தது இந்தக் கட்டுரை. "வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லாரையும் கேட்டு வாருங்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குடும்பத்தோடு வெளியே போக எதில் ஏறினார்கள்?" இவ்வளவுதான் கேள்வி. மறுநாள் பதில்கள் வந்து குவிந்தன. தோட்டத்து லோரி, ரயில், பிங்க் கலர் மினி பஸ், மாமாவின் வேன், ஒரே மோட்டாரில் நாலு பேர். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க வீட்டுல ஏழு சீட்டு காடி இருக்கு. ஆனா நாங்க மூணு பேருதான்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கணக்கு மனதில் தங்கிவிட்டது.

அதே மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சண்டை. பள்ளி வாசல் சடக்கு குறுகலானது. பள்ளி விடும் நேரத்தில் ஒரு பெரிய வண்டி ஓரமாக நின்றாலே போதும், பின்னால் வரும் அத்தனையும் நின்றுவிடும். "பெரிய காடியெல்லாம் இந்தச் சந்துக்குள்ள வரக்கூடாதுன்னு தீர்மானம் போடுங்க" என்றார் ஒரு அப்பா. "என் மாமியாருக்குச் சக்கர நாற்காலி. நாலு பிள்ளைங்க. நான் கஞ்சில்லயா ஏத்திட்டு வர்றது?" என்று ஓர் அம்மா கேட்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பழைய கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

பிரிக்பீல்ட்ஸின் பெயரிலேயே ஒரு வண்டி ஒளிந்திருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லுக்கான சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சூளையிலிருந்து ஊருக்குச் செங்கல்லைக் கொண்டு சேர்த்தவை மாட்டு வண்டிகள். ஆக, இந்த வட்டாரத்தின் முதல் சடக்குகள் ஒரு ஜோடி மாடு நடக்கும் வேகத்துக்கும் ஒரு வண்டியின் அகலத்துக்கும் ஏற்பப் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து ரயில். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் கூடா வரை தண்டவாளம் போட்டு முடித்தார்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டி 1890-இல் கிள்ளான் ஊருக்குள் ரயில் நுழைந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் ஊரானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தண்டவாளத் தொழிலாளர்களும் இங்கேதான் குடியிருந்தார்கள். 'நூறு வீடுகள்' என்று பெயர் பெற்ற ரயில்வே குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸை வகுத்தவர்கள் எந்த வாசலுக்கும் காடி நிறுத்த இடம் விடவில்லை. ஏன் விட வேண்டும்? வேலைக்கு நடந்து போகலாம். கோயிலும் ஆசிரமமும் பள்ளியும் நடக்கும் தூரத்தில்தான். கிள்ளானில் ஒரு கல்யாணம் என்றால் பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை மொத்தக் குடும்பமும் ஒரே ரயில் பெட்டியில் ஏறிவிடும். அன்றைய பெரிய குடும்ப வண்டி அந்த ரயில்தான். சடக்கில் ஓர் அங்குல இடம்கூட அது கேட்டதில்லை.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. கிள்ளானைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களில் ரயில் நிற்காது. திருவிழா, கல்யாணம், கருமாதி எதுவானாலும் தோட்டத்து லோரிதான். பின்பக்கத்தில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஆபத்தான பயணம்தான், இன்று போலீஸ் பார்த்தால் சம்மன் நிச்சயம். ஆனாலும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். நாற்பது பேருக்கு ஒரு வண்டி.

ஏழு பேர் உட்காரும் வண்டியைப் பற்றிய புகார் நம் காலத்தில் தொடங்கியதல்ல. பக்கத்து ஊரான சிங்கப்பூரில் 1920-களில் 'கொசு பஸ்' என்று ஒன்று ஓடியது. ஃபோர்டு மாடல் டி போன்ற காடிகளில் ஏழு பேர் உட்காரும் கூடு கட்டி, சந்து பொந்தெல்லாம் ஓட்டினார்கள். கை காட்டிய இடத்தில் நிற்கும், நினைத்தபோது திரும்பும். டிராம் கம்பெனிக்கு அதனால் வருமானம் போனது. சடக்கை அடைக்கின்றன, விபத்துக்குக் காரணமாகின்றன என்று அரசாங்கத்துக்குத் தலைவலி. கடைசியில் 1930-களின் நடுவில் அவற்றை ஒழுங்குபடுத்தி, பெரிய பஸ் கம்பெனிகளாக இணைய வைத்தார்கள். மக்களோ அதை விரும்பினார்கள், வீட்டு வாசல் வரை வருமே! நூறு ஆண்டு கழித்தும் வாதம் அப்படியே இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கொசு பஸ்ஸில் ஏழு சீட்டிலும் ஆள் இருந்தது.

நம் கோலாலம்பூரின் கொசு பஸ் என்றால் மினி பஸ்தான். 1975-இல் வந்து 1998 வரை ஓடியது. பிங்க் நிறம். கதவில் தொங்கிக்கொண்டே போன அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். புகை, வேகம், நெரிசல் என்று அதைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கம்பங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடியேறிய நம் மக்களைப் பட்டணத்தோடு இணைத்தது அந்தப் பஸ்தான். பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு ஜவுளி எடுக்க அம்மா, அத்தை, பிள்ளைகள் என ஆறேழு பேர் சில வெள்ளியில் போய் வர முடிந்தது. அதை நிறுத்தியபோது அந்தக் குடும்பங்கள் எதில் ஏறும் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை என்பது என் எண்ணம். கிள்ளான் பக்கம் இருந்தவர்களுக்காவது 1995-இல் தொடங்கிய கொமியூட்டர் ரயில் இருந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து தாமானுக்கு எப்படிப் போவது? அந்தக் கடைசி இரண்டு மைல்தான் பலரைக் காடி வாங்க வைத்தது.

காடி வாங்கலாம். எந்தக் காடி? 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவில் ஐந்து பேர். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலில் நாலு பேர் உட்காரலாம், நாம் ஆறு பேர் உட்கார்ந்தோம். மடியில் ஒரு பிள்ளை, நடுவில் நின்றபடி ஒரு பிள்ளை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நிசான் வேனட் வாங்கினார்கள். பகலில் அது பள்ளி வேன் அல்லது சாமான் ஏற்றும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை குடும்ப வண்டி. ஒரு வேன் ஒரு தெருவுக்கே சொந்தம் போலத்தான். பத்துமலைக்குப் போவது என்றால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஓர் இடம் இருக்கும்.

பிறகு 2009. என் கணக்கில் இந்தக் கதையின் திருப்பம் அந்த ஆண்டுதான். ஜனவரி 1 முதல் பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஏப்ரலில் புரோட்டோன் எக்ஸோரா. நவம்பரில் பெரோடுவா அல்சா. அதற்கு முன்பே டொயோட்டா அவான்சாவும் இன்னோவாவும் வந்திருந்தாலும், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் உள்நாட்டு ஏழு சீட்டுக் காடி பரவலாக வந்தது அப்போதுதான். ஒரு பெல்ட்டுக்கு ஓர் ஆள் என்றாகிவிட்டால் கஞ்சிலில் ஆறு பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 ஜனவரியில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமானது. மூன்று சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், மூன்று இருக்கையைச் சின்னக் காடியின் பின்சீட்டில் வைத்துப் பாருங்கள், கதவு மூடாது. ஆகவே பெரிய காடி வாங்கியவர்கள் எல்லாரும் பகட்டுக்கு வாங்கினார்கள் என்று சொல்வது அநியாயம். பிள்ளைகளின் உயிரைக் காக்க வந்த சட்டங்களும் வண்டியைப் பெரிதாக்கின.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் ஒரு வீட்டில் சராசரியாக 1980-இல் 5.2 பேர். 2000-இல் 4.6 பேர். 2010-இல் 4.3. 2020-இல் 3.8. புரிகிறதா? வீட்டில் ஆள் நிறைந்திருந்த காலத்தில் நமக்கு ஏழு சீட்டுக் காடி இல்லை. காடி வந்தபோது ஆள் குறைந்துவிட்டது. என் மாணவன் சொன்ன "நாங்க மூணு பேருதான்" இந்த நாற்பது ஆண்டு வரலாற்றின் ஒரு வரிச் சுருக்கம்! பிள்ளைக்கு மார்க் போட மறந்துவிட்டேன்.

வண்டியின் அளவையும் பார்ப்போம். 2009-இல் வந்த அல்சாவின் நீளம் சுமார் 4.2 மீட்டர். சாகா காடியும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். ஏழு பேருக்கு இடம் கொடுக்கும் வண்டி, சடக்கில் ஐந்து பேர் வண்டியின் இடத்தைத்தான் பிடிக்கிறது. ரெக்கோனில் வரும் வெல்ஃபயர், அல்ஃபார்ட் வேறு ரகம். 4.9 மீட்டருக்கு மேல் நீளம், 1.85 மீட்டர் அகலம். நம் ஊரில் சாதாரணமாகக் கோடு போடும் நிறுத்துமிடம் ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளம்தான், மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புரோட்டோன் எக்ஸ்70-இல் ஐந்து சீட்டுதான். அகலமோ 1.83 மீட்டர். கஞ்சில் 1.4 மீட்டர்தான் இருந்தது. இரண்டுக்கும் இடையே 40 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். புத்தகப் பை மாட்டிய ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளை ஓரமாக நடந்துபோகத் தேவையான இடம் அது. உயரமான முன்பக்கம் உள்ள வண்டியில், மூக்கை ஒட்டி நிற்கும் சின்னப் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பள்ளி வாசலில் நிற்பவர்கள் நாம்தானே.

ரோட் டேக்ஸ் இதையெல்லாம் கேட்பதில்லை. பெட்ரோல் காடிக்கு முக்கியமாக இன்ஜின் சிசி-யைப் பார்த்துத்தான் கட்டணம். எவ்வளவு இடம் பிடிக்கிறது, எத்தனை பேரை ஏற்றுகிறது என்பது அந்தக் கணக்கில் சேராது.

இப்போது தீபாவளிக்கு முந்தின வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வாருங்கள். மாட்டு வண்டி காலத்து அகலம், இரண்டு பக்கமும் கடைக்கூடாரம், நடுவில் நகராத காடிகள். அஞ்சடியில் நடக்க வழியில்லாமல் மக்கள் சடக்கில் இறங்கி நடக்கிறார்கள். டபுள் பார்க்கிங் போட்டு, டேஷ்போர்டில் ஃபோன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் புடவை எடுக்கப் போன அண்ணனைக் கூப்பிட்டால், "ரெண்டு நிமிஷம்" என்பார். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸிலும் இதே கதைதான். பழைய ரயில் பணிமனை நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாம் காடியில்தான் போகிறோம். நானும்தான், பொய் சொல்வானேன்.

கிள்ளான் ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் நிற்கிறது, ஜம்பாத்தான் கோத்தா. 1950-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய இரண்டு தட்டுப் பாலம். மேல்தட்டு வண்டிகளுக்கு. கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும் ஆசிரியர்கள் பாலத்தின் நீளத்தையும் வயதையும் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம். நடப்பவனுக்கு என்று ஒரு முழுத் தட்டையே ஒதுக்கிக் கட்டினார்கள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. வண்டிகள் 1990-களில் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறிவிட்டன.

நெரிசல் சடக்கில் பெரிய வண்டிக்கு இடமே கிடையாதா? தைப்பூசத்தையொட்டி ஓர் இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அதைவிடப் பெரிய வண்டி நம் சடக்கில் ஏது? அன்றைக்கு ஊரே வழிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாருக்குமாக வருகிறது என்பதால். ஏழு பேரை ஏற்றி வரும் எம்.பி.வி.க்கும் நான் வழிவிடுவேன், அது இரண்டு மூன்று காடிகளைச் சடக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. ஓர் ஆளையும் ஒரு புத்தகப் பையையும் ஏற்றி வந்து வாசலில் இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் வண்டியோடுதான் என் சண்டை. அது கஞ்சிலாக இருந்தாலும் சண்டைதான், வெல்ஃபயராக இருந்தால் சண்டை கொஞ்சம் பெரியது.

மறு கூட்டத்தில் வண்டியின் அளவைப் பற்றி யாரும் தீர்மானம் போடவில்லை. சக்கர நாற்காலி உள்ள குடும்பத்துக்கும், மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஏற்றி வரும் வண்டிக்கும் வாசலில் இடம். மற்றவர்கள் 200 மீட்டர் தள்ளியிருக்கும் திடலோரம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். தாமான் வாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டதில், ஒரே தெருவிலிருந்து ஐந்து காடிகள் தனித்தனியாக வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் இப்போது அந்த அம்மாவின் ஏழு சீட்டுக் காடியிலும் இன்னொரு காடியிலும் வருகிறார்கள். முதலில் தீர்மானம் கேட்ட அப்பாவின் மகளுக்கு அம்மாவின் காடியில் மூன்றாவது வரிசை, சன்னலோரம்.