அக்காவின் நோட்டும் ஹூஸ்டன் புத்தகமும்

எங்க ஊர் நகரி பக்கத்து விஜயபுரம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். எண்பதுகளில் அக்கா திருப்பதியில் எம்.ஏ. உளவியல் படித்தாள். பாடப்புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. அப்பா சம்பளத்துக்கு எட்டாத விலை. தோழியிடம் இரவல் வாங்கி, ராத்திரி கண்விழித்து, அத்தியாயம் அத்தியாயமாக நோட்டில் எழுதினாள். பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தது நான்தான்!

இப்போது நான் இருக்கும் ஹூஸ்டனில்தான் அந்தக் கதை மாறியிருக்கிறது. இங்குள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரானியுக் என்ற மின்பொறியியல் பேராசிரியர், பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட 1999-ல் 'கனெக்‌ஷன்ஸ்' தொடங்கினார். அதிலிருந்து 2012-ல் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' வந்தது. அறக்கட்டளைகள் பணம் கொடுக்க, பேராசிரியர்கள் எழுதிய உளவியல் புத்தகம் 2014-ல் வெளியானது. 16 அத்தியாயம், காலணா செலவில்லை. 2020-ல் இரண்டாம் பதிப்பு. (நம்ம இக்னோவின் எம்.ஏ. உளவியல் பாடங்களும் 'ஈஞானகோஷ்' தளத்தில் இலவசம்தான்.)

இலவசத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது 2014 புத்தகத்தின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்; நகலெடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். அமெரிக்க உதாரணத்தை எடுத்துவிட்டு நகரி தறிக்காரர் குடும்பத்தை வைக்கலாம்!

போனில் அக்காவிடம் சொன்னேன். "அப்போ தமிழ்ல எழுதலாமேடா" என்றாள். நினைவு பற்றிய அத்தியாயத்தில் ஆரம்பித்திருக்கிறோம். போன் நம்பரைத் துண்டு துண்டாகப் பிரித்து மனதில் வைப்போமே, அந்த 'சங்கிங்'குக்கு நல்ல தமிழ்ச்சொல் கிடைக்காமல் மூன்று நாளாக நிற்கிறோம். யாருக்காவது தோன்றினால் சொல்லுங்களேன்.