வெட்சி குட்டையான கதை

கொரட்டூர் பக்கம் புதிது புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கவனித்திருப்பீர்கள். வாட்ச்மேன் நாற்காலிக்கும் கார் பார்க்கிங்குக்கும் நடுவே, போனால் போகிறதென்று ஒன்றரை அடி அகலத்துக்கு மண் விட்டிருப்பார்கள். விளம்பரத்தில் அதற்குப் பெயர் ‘கார்டன்’! அங்கே முழங்கால் உயரத்தில், தலை வாரிவிட்ட பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஒரு செடி நிற்கும். குட்டிக் குட்டி இலை. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. நர்சரியில் விசாரித்தால், ‘மினி இக்ஸோரா சார்... தைவான் வெரைட்டி’ என்பார்கள்.

தைவானா? ஃபாரின் சரக்கு என்றாலே நமக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம்தான். ஆனால், அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இக்ஸோரா... ஈஸ்வரா!

சத்தியமாக அதேதான். மலபார்க் கரையில் கோயிலுக்குப் போன பூ. ‘ஈஸ்வரன்’ என்பது போர்ச்சுக்கீசியர் வாயில் விழுந்து ‘இக்ஸோரா’ ஆனது. 1753-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ், தாவரங்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு எழுதியபோது அந்தப் பெயரையே நிரந்தரமாக்கிவிட்டார். நம் வீடுகளில் இட்லிப்பூ என்போமே, அதுதான். மலையாளிகளுக்குச் செத்தி, தெச்சி. சங்க காலத்துத் தமிழனுக்கு வெட்சி.

வெட்சி என்றதும் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புறத்திணை வரிசையில் முதல் பெயர்! பகை நாட்டு மாடுகளை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வருவது பழந்தமிழ்ப் போரின் முதல் கட்டம். அதற்குக் கிளம்புகிற வீரன் சூடியது இந்தச் சிவப்புப் பூவை. பறிகொடுத்தவன் மீட்கக் கிளம்பினால், பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் கணக்குப்படி அவன் சூடுவது கரந்தை. யார் திருடன், யார் போலீஸ் என்று பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதெல்லாம் புலவர்கள் கட்டிய கதை என்று நினைக்க வேண்டாம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில், மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த ஒருவனின் நினைவு. அங்கே வெட்டியிருக்கும் சொல் ‘ஆகோள்’. தொல்காப்பியம் வெட்சித் திணையில் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ, அதே சொல்! செத்தவனுக்கு ஊரார் வைத்த கல். அவன் கடைசியாகத் தலையில் வைத்துக்கொண்டு போனது இட்லிப்பூவாகக்கூட இருந்திருக்கலாம்.

இந்தப் பூ கப்பலேறிய கதைக்கு வருவோம். கொச்சியில் டச்சு கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களை வைத்துக்கொண்டு ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பிரமாண்டமான மூலிகைப் புத்தகத்தைத் தயாரித்தார். 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் நம்மாள், ‘செத்தி’ என்ற சொந்தப் பெயரோடே இருக்கிறார். அப்புறம் இங்கிலாந்துப் பிரபுக்கள், குளிர் தாங்காத இந்தச் செடியைக் கண்ணாடி வீடு கட்டி, அடுப்பு வைத்துச் சூடேற்றி வளர்த்தார்கள். மலர்க் கண்காட்சிகளில் பரிசு வாங்குகிற அந்தஸ்து அதற்கு வந்தது. இங்கே வேலியோரம் சும்மா கிடந்த செடி!

தென்னமெரிக்காவின் சுரிநாமில் இதே இனத்துப் பூதான் தேசிய மலர். அவர்கள் அதைக் கூப்பிடும் பெயருக்கு ‘நெருப்புக் காதல்’ என்று அர்த்தம். தாய்லாந்தில் இதன் பெயர் ‘கேம்’ - ஊசி. மொட்டைப் பார்த்தால் தெரியும், ஊசியேதான். அங்கே பள்ளிப் பிள்ளைகள் வாத்தியாரை வணங்கும் சடங்கில், ‘எங்கள் புத்தி ஊசி போலக் கூர்மையாகட்டும்’ என்று இந்தப் பூவை வைத்துக் கும்பிடுகிறார்கள். நாம் மாடு திருடப் போகும்போது வைத்துக்கொண்ட பூவை அவர்கள் பாடம் படிக்க வைத்துக்கொண்டார்கள்.

சரி, ஆளுயரத்துக்கு மேல் வளரக்கூடிய இந்தச் செடி முழங்கால் உயரத்துக்கு எப்படிச் சுருங்கியது?

ஒரு செடியை நெட்டையாக்குவது கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் இருக்கிற தூரம். அந்தத் தூரத்தை நீட்டிவிடுகிற ஹார்மோன்களில் முக்கியமானது ஜிப்ரலின். இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது ஒரு நெல் நோய். ஜப்பான் விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் நாற்று’. கிடுகிடுவென்று ஒல்லியாக வளர்ந்து, மணி பிடிக்காமலே சாய்ந்துவிடும். காரணம், ஒரு பூஞ்சை கக்குகிற ரசாயனம் என்று 1926-ல் நிரூபித்தவர் குரோசாவா என்ற ஜப்பானியர். அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? அப்போது ஜப்பான் வசம் இருந்த தைவான்! 1935-ல் அந்தச் சரக்குக்கு ஜிப்ரலின் என்று பெயரும் வைத்தாயிற்று.

இந்த ஹார்மோன் குறைந்தாலோ, செடி அதன் பேச்சைக் கேட்காமல் போனாலோ கணுக்கள் நெருங்கும், செடி குட்டையாகும். நம் ஊர் வயல்களுக்கு வந்து தஞ்சாவூர் வரை கலக்கிய ஐ.ஆர்.8 நெல் ஞாபகமிருக்கிறதா? 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்டார்கள். இந்தோனேசியாவின் நெட்டை நெல்லோடு தைவானின் குட்டை நெல்லைச் சேர்த்துப் பிறந்தது. அது குட்டையானதும் ஜிப்ரலின் குறைவால்தான். மணி கனத்தாலும் சாயாது. பசி தீர்க்க ஒரு குட்டை. பார்க்கிங் ஓரத்தை அலங்கரிக்க ஒரு குட்டை. ஒரே ஹார்மோன் சாமர்த்தியம் எங்கெங்கே வேலை செய்கிறது பாருங்கள்.

பூச்செடிகளில் பல நேரம் இது தற்செயலாக நடக்கும். ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு மாதிரி வளரும். கண் உள்ள தோட்டக்காரர் அதை வெட்டிப் பதியன் போடுவார். அதிலிருந்து இன்னொன்று, இன்னொன்று... அத்தனையும் அச்சு அசல் ஜெராக்ஸ். இன்று கடைகளில் இருக்கும் இக்ஸோரா வகைகளில் நம் வெட்சியின் ரத்தமும் உண்டு; அதன் சீனத்துச் சொந்தக்காரர் இக்ஸோரா சைனென்சிஸின் ரத்தமும் உண்டு. பருத்தியைக் கப்பலில் அனுப்பிவிட்டு மான்செஸ்டர் துணியை விலைக்கு வாங்கினோம் என்று பி.காம். வகுப்பில் படித்தேன். பூவிலும் அதே வியாபாரம்தான் போலிருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் குட்டையும் பிறவிக் குட்டை அல்ல. தொட்டிச் செடியை நறுக்கென்று வைத்திருக்க, ஜிப்ரலினைத் தடுக்கிற பேக்லோபியூட்ரசால் போன்ற மருந்தைக் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் நர்சரித் தொழிலில் இருக்கிறது. வாங்கும்போது ஓரடி. மண்ணில் வைத்து, மருந்தின் வேகம் தணிந்ததும் விறுவிறுவென்று சுவரை எட்டிப் பார்க்கும். பிறவிக் குட்டையா என்று தெரிய, இலையைப் பாருங்கள். பெரிய இக்ஸோராவின் இலையில் பாதிகூட இருக்காது.

குட்டை மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டடி பால்கனியில் வேறு என்ன வைப்பது? ஆனால், அதை நாம் படுத்துகிற பாடு இருக்கிறதே! இக்ஸோரா பூப்பது கிளையின் நுனியில். வாரா வாரம் கத்திரியால் மட்டமாக வெட்டினால் பூவும் போச்சு, பழமும் போச்சு. பழமா என்பீர்கள். ஆமாம், பட்டாணி அளவில் சிவந்து, பிறகு கறுக்கும் பழம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்றார்கள், கொண்டைக்குருவி தின்றது. பறவை தின்று போட்ட விதையில்தான் வெட்சி ஊர் ஊராக நடந்தது. ஜெராக்ஸ் செடி, ஆள் வந்து குச்சி வெட்டினால்தான் அடுத்த தெருவுக்கே போகும்.

இன்னொரு கொடுமை, மண். இக்ஸோராவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். நாம் கொடுப்பதோ சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த கட்டட இடிபாடு. அதற்கு மேல் உப்பு போர்வெல் தண்ணீர். இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை வெளுக்கும். ‘தைவான் செடி, நம்ம வெயில் ஒத்துக்கலை’ என்று பிடுங்கிப் போடுவார்கள். மக்கிய இலையும் தொழு உரமும் போட்டு, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைத்தால் அதுபாட்டுக்கு இருக்கும். அந்த இரண்டடியைத்தான் எந்த பில்டரும் கொடுப்பதில்லை.

சென்னையைத் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே போனால், எஞ்சியிருக்கும் பழைய புதர்க்காடுகளில் வெட்சியின் பங்காளி ஒருவர் இருக்கிறார். வெள்ளைப் பூ, நல்ல வாசனை, பெயர் சுளுந்து. அதன் குச்சி பச்சையாகவே பற்றி எரியும் என்பதால், டார்ச் லைட் வருவதற்கு முன் ராத்திரி நடக்கிறவர்கள் கையில் அதுதான் பந்தம். அவரை இன்னும் யாரும் குட்டையாக்கவில்லை.