வால்கிரைண்டும் இரண்டு வரிகளும்

முதல்லயே ஒரு டிஸ்கி: இது பொட்டி தட்டறவங்களுக்கு மட்டுமான பதிவு இல்லை. வெளியூர்ல வாடகை வீட்டுல குடியிருக்கிற எல்லாருக்கும் புரியும். தங்கமணிகளும் ரங்கமணிகளும் தைரியமா படிக்கலாம் :-)

சி மொழியில எழுதின புரோகிராமுக்கு மெமரி வேணும்னா 'மாலாக்'னு கேட்டு வாங்கணும். வேலை முடிஞ்சதும் 'ஃப்ரீ'ன்னு சொல்லித் திருப்பிக் கொடுக்கணும். வீட்டை வாடகைக்கு எடுத்து, காலி பண்றப்போ ஓனர்கிட்ட சாவியைக் கொடுக்கிற மாதிரிதான். சாவியைக் கொடுக்காமலே அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடுன்னு போய்க்கிட்டே இருந்தா? தெரு முழுக்க பூட்டின வீடா நிற்கும், புதுசா வர்றவனுக்கு இடம் இருக்காது. இதுதான் மெமரி லீக்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மாலாக் கொடுக்கிற இடத்தை யாரும் பெருக்கித் துடைச்சுக் கொடுக்கறதில்லை. முன்னாடி குடியிருந்தவர் விட்டுட்டுப் போன சாமான் அங்கங்கே கிடக்கும். அதை நம்ம சாமான்னு நினைச்சு எடுத்தா கணக்கு தப்பிடும்.

1970களின் தொடக்கத்துல சி மொழி பிறந்தப்போ இதையெல்லாம் எழுதறவரே பார்த்துக்கணும்னு விட்டுட்டாங்க. 1984ல வில்லியம் லெஃபீவர் 'டாப்'னு ஒரு கட்டளை எழுதினார். எந்த புரோகிராம் எவ்வளவு தின்னுதுன்னு அது காட்டும். எந்த வரி தின்னுதுன்னு காட்டாது. வயிறு வலிக்குதுன்னு தெரியும், ஏன்னு தெரியாது.

1991ல அமெரிக்காவுல ரீட் ஹேஸ்டிங்ஸ் ப்யூர் சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அதோட சரக்கு 'ப்யூரிஃபை'. புரோகிராம் மெமரியைத் தொடற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வாட்ச்மேனை நிறுத்தி வைக்கிற டூல் அது. பாப் ஜாய்ஸோட சேர்ந்து 1992ல யூஸ்நிக்ஸ் மாநாட்டுல கட்டுரையும் படிச்சார். பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 1997ல மார்க் ராண்டால்ஃபோட சேர்ந்து நெட்ஃப்ளிக்ஸ் ஆரம்பிச்ச அதே ஹேஸ்டிங்ஸ்தான்!

ஆனா ப்யூரிஃபை காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. லினக்ஸ்ல சும்மா எழுதி சும்மா கொடுக்கிறவங்களுக்கு விடிவு 2002லதான் வந்தது. பிஸிப்2 எழுதின ஜூலியன் சீவர்ட், 'வால்கிரைண்ட்'னு ஒரு டூலை இலவசமா வெளியிட்டார். கோயம்புத்தூர் கிரைண்டர் ஞாபகத்துல நாமெல்லாம் அப்படித்தான் சொல்றோம். எழுதினவங்க உச்சரிப்புப்படி 'வால்கிரிண்ட்'. நார்ஸ் புராணத்துல வீரர்கள் போய்ச் சேருகிற வல்ஹல்லா மண்டபத்தோட வாசல் பேராம்.

டெர்மினல்ல உங்க புரோகிராம் பேருக்கு முன்னாடி இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தா போதும். உங்க புரோகிராமை நேரடியா ஓடவிடாம, ஒவ்வொரு துண்டா தன் மொழிக்கு மாத்தி, நடுவுல கண்காணிப்பைச் செருகி, தானே ஓட்டும். ஒவ்வொரு பைட்டையும் தொடலாமா, ஒவ்வொரு பிட்டுலயும் யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களான்னு தனி நோட்டு போட்டு வைக்கும். அதனால 20, 30 மடங்கு மெதுவா ஓடும். கடைசியில கணக்கு கொடுக்கும். 'டெஃபனிட்லி லாஸ்ட்'னா சாவியே தொலைஞ்சு போச்சு. 'ஸ்டில் ரீச்சபிள்'னா சாவி கையில இருக்கு, கொடுக்காமலே ஊருக்குக் கிளம்பியாச்சு. நிக்கோலஸ் நெதர்கோட் இதுக்குள்ளயே 'மாசிஃப்'னு இன்னொண்ணு எழுதினார். மெமரி எப்போ உச்சத்துக்குப் போச்சு, அதுக்கு எந்த வரி காரணம்னு எழுத்துகளாலேயே கோலம் மாதிரி படம் போட்டுக் காட்டும்.

இனிமேதான் கதையே இருக்கு.

இணையத்துல பூட்டு போடுற வேலையை நிறைய இடத்துல செய்யறது ஓப்பன்எஸ்எஸ்எல். சாவி செய்ய அதுக்கு யாரும் யூகிக்க முடியாத எண்கள் வேணும். அதுக்காக கிடைக்கிறதையெல்லாம் ஒரு பானையில போட்டுக் கலக்கும். அப்போ முன்னாடி குடியிருந்தவர் விட்டுட்டுப் போன குப்பையையும் வேணும்னே சேர்த்துப் போட்டுக்கிட்டிருந்தது. இருந்தா லாபம், இல்லைன்னா நஷ்டமில்லை. வால்கிரைண்டுக்கு இது பொறுக்குமா? 'எழுதாத இடத்தைப் படிக்கிறான்'னு புகார் மேல புகார்.

டெபியன் லினக்ஸ்ல அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கிட்டவர் 2006ல புகார் வந்த இரண்டு வரிகளை எடுத்துடலாமான்னு ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவுலயே கேட்டார். டீபக் பண்ண உதவும்னா எடுக்கலாம்னு பதில் வந்தது. எடுத்துட்டார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வரிகள். ஒண்ணு குப்பையைச் சேர்க்கிற வரி, போனா பரவாயில்லை. அதுக்குப் பக்கத்துல 'ப்யூரிஃபை புகார் சொல்லுது'ன்னு பழைய குறிப்பே இருந்தது. இன்னொண்ணு பானையோட வாய். எல்லாப் பொருளும் உள்ளே போற வழியே அதுதான்!

வாயை மூடினதும் பானைக்குள்ள மிஞ்சினது புரோகிராமோட பிராசஸ் எண் மட்டும். அப்போ லினக்ஸ்ல அது சாதாரணமா 32,768க்குள்ளதான் இருந்தது. அதாவது ஒரே வகைக் கணினியில, ஒரே வகை, ஒரே அளவு சாவின்னா மொத்தம் அவ்வளவுதான் செய்ய முடியும். அத்தனையையும் ஒரு கொத்தா செஞ்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கிறது திருடனுக்குப் பெரிய வேலையே இல்லை. பூட்டு மட்டும் வெளியே இருந்து பார்த்தா பளபளன்னு இருக்கும்.

ஏறக்குறைய 20 மாசம் யாருக்கும் தெரியலை. லூசியானோ பெல்லோ கண்டுபிடிச்சு, 2008 மே 13ல அறிவிப்பு வந்தது. டெபியன், உபுண்டுல அந்தக் காலத்துல செஞ்ச சாவியையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசா செய்ய வேண்டியதாச்சு. டெபியன்ல செஞ்சு வேற சர்வருக்குக் கொண்டுபோன சாவியும் இதுல அடக்கம். மறுபடி யாரும் பயன்படுத்தாம இருக்க, கெட்ட சாவிகளோட பட்டியலையே வெளியிட்டாங்க.

வால்கிரைண்ட் சொன்னதுல பொய்யே இல்லை. எழுதாத இடத்தை அந்த வரிகள் தொட்டது நிஜம். எந்த இடத்துலன்னு அது சரியாக் காட்டும், ஏன்னு சொல்லாது. அந்த வேலை நம்மளோடது. 'இந்தப் புகார் வேண்டாம், தெரிஞ்சுதான் செய்யறோம்'னு வால்கிரைண்டுக்கே எழுதிக் கொடுக்கிற வசதியும் அதுலயே இருக்கு. அப்படிச் செஞ்சிருந்தா புகாரும் நின்னிருக்கும், வரியும் பிழைச்சிருக்கும்.

2012ல கூகிள்காரங்க அட்ரஸ் சானிடைசரைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. ஏறக்குறைய இரண்டு மடங்குதான் மெதுவாகும், ஆனா புரோகிராமைத் திரும்ப கம்பைல் பண்ணணும். கம்பைல் பண்ணாமலே பார்க்கணும்னா இன்னிக்கும் நம்ம கிரைண்டர்தான்.

கொசுறு: உங்க ஆபீஸ்ல யாராவது 'வார்னிங் எல்லாம் க்ளியர் பண்ணிட்டேன்'னு பெருமையா சொன்னா, 'எப்படி?'ன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க :-)